31ஆம் இலக்கத்தின் இடது பிணைச்சல்

எந்த மடிக்கணினியைத் திறப்பதற்கு முன்னும் அயல்வீட்டு எவ்லின் ஆன்ட்டி வலது கையின் இரண்டு விரல்களை யன்னல் கம்பியில் வைப்பார். இரண்டு விநாடி. அதன் பிறகுதான் ஸ்க்ரூட்ரைவரை எடுப்பார். ஒன்பது வயதில் நான் அதைக் கவனித்தேன். இருபத்திரண்டு வயதுவரை அது ஒரு சின்னச் செபம் என்றே நம்பியிருந்தேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். கொச்சிக்கடைக் கோயிலில் அந்தோனியாரின் கண்ணாடிப் பெட்டியைத் தொடுகிற அதே இரண்டு விரல்கள். தொட்ட விரலை முத்தமிடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“அது என்ன செபம் ஆன்ட்டி?”

“செபமா? உடம்பில நிக்கிற கரண்ட இறக்கிறன் மகள். ஒரு பொறி பட்டாலும் போர்ட் செத்துப் போகும். மெனுவல்ல மூணாம் பக்கம்.”

“அப்ப ஏன் இவ்வளவு காலமா ஒருத்தருக்கும் சொல்லேல்ல?”

“ஏன் சொல்லணும்? பொம்பிள ஒருத்தி லப்டொப்பக் கழட்டினா வாறவன் போறவன் எல்லாம் கேள்வி கேப்பான். கும்பிடுறா எண்டா பேசாமப் போவான்.”

போன வருடம் இணைய சஞ்சிகை நடத்தும் என் நண்பி ஒருத்தி, மெரிடியன் மடிக்கணினிகளின் வரலாற்றைத் தமிழில் எழுதித் தரச் சொன்னாள். மனேஜர்களும் டிரெக்டர்களும் தூக்கித் திரிவதற்கென்றே ஏறத்தாழ முப்பது வருடமாகச் செய்யப்படும், விலை கூடிய வரிசை அது. செய்கிற நிறுவனமே தன் தளத்தில் ஒரு வரலாறு போட்டிருக்கிறது. வடிவமைப்பாளர்களின் படங்கள், ஆண்டுகள், எடை எத்தனை கிராம் குறைந்தது என்ற கணக்கு. அதை மொழிபெயர்க்க உட்கார்ந்து நான்கு பந்தி எழுதினேன். பிறகு நிறுத்திவிட்டேன். நான் தட்டச்சுச் செய்துகொண்டிருந்ததே ஒரு மெரிடியனில். அதன் மூடியைத் தாங்கும் இரண்டு பிணைச்சல்களில் ஒன்று இன்னொருவருடையது. அந்தக் கதையை விட்டுவிட்டு எடைக் கணக்கை எழுதுவதற்கு என்னால் முடியவில்லை. இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதும் தெரியாது. என் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டம் கிடைத்ததும் எல்லாவற்றையும் எழுதலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அடிமூடியைக் கழற்றிப் பார்த்தவரின் பக்கத்திலிருந்து அந்த வரலாறு இப்படித்தான் இருக்கிறது.

கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பற் கம்பனிக்கு முதல் மெரிடியன் 1998இல் வந்தது. எவ்லின் ஆன்ட்டி அங்கே களஞ்சியக் கிளார்க்காகச் சேர்ந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. சேர்மனுக்கு வந்த பெட்டியை மேல்மாடிக்குத் தூக்கிப் போனவர் பியோன் றேமண்ட். “எவ்லின் மிஸ், வழி விடுங்க! இத விழுத்தினா நானும் சேந்து விழுறதுதான் நல்லம்!” என்று படிக்கட்டில் நின்று கத்தினாராம்.

மூன்றரைக் கிலோ. கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவிலான நிறம். பெட்டிக்குள் கணினியோடு ஒரு தடித்த புத்தகமும் வந்தது. எந்தத் திருகாணி எங்கே, எதை முதலில் கழற்றுவது, எதைத் தொடவே கூடாது என்று இருநூற்றுச் சொச்சம் பக்கங்கள். சேர்மனுக்கு அது தேவைப்படவில்லை. களஞ்சியத்துக்கு வந்தது. எவ்லின் ஆன்ட்டி அதைப் பகல் சாப்பாட்டு நேரங்களில் ஒரு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார். பள்ளியில் சாதாரண தரம்வரை மட்டுமே படித்தவர். முடிக்க ஏழு மாதம் எடுத்தது.

அடுத்த வகை 2003இல் வந்தது. விசைப்பலகைக்குக் கீழே இரண்டு துளைகள். தேநீர் ஊற்றுப்பட்டால் உள்ளே தேங்காமல் கீழால் வடிந்துவிடும். ஒரு டிரெக்டர் பிளேன்டீயைக் கவிழ்த்தபோது அது சொன்னபடியே வடிந்து அவருடைய காற்சட்டையில் இறங்கியது. கணினிக்கு ஒன்றுமில்லை. டிரெக்டர் மூன்று நாள் வரவில்லை. “அண்டைக்குத்தான் மகள், இத செஞ்சவன் மூளையுள்ளவன் எண்டு எனக்கு விளங்கினது” என்பார் ஆன்ட்டி. “ஆள விட மெஷின் முக்கியம் எண்டு யோசிச்சிருக்கான்.”

பழுதானால் முகவர் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வர ஆறு வாரம். 2005இல் ஒரு மனேஜர் பயணத்துக்கு முதல்நாள் வந்து கெஞ்சியபோது ஆன்ட்டி களஞ்சியக் கதவைச் சாத்திவிட்டு, யன்னல் கம்பியில் விரல் வைத்து, தானே திறந்தார். அதற்குப் பிறகு யாரும் முகவரிடம் அனுப்பவில்லை. அவசரமானவற்றை ஆன்ட்டி வீட்டுக்கும் கொண்டுவந்து திருத்துவார். ஒதுக்கப்பட்ட ஒன்றிலிருந்து உறுப்பைக் கழற்றி ஓடுகிற ஒன்றில் பூட்டுவார். என்ன கழற்றினார், எதிலிருந்து, எதற்கு, யாருக்கு என்று பதிவேட்டில் எழுதுவார். அந்தக் கணினியின் அடிமூடிக்குள்ளும் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் மூடுவார். ஒரு திருகாணியைக்கூட எழுதாமல் விட்டதில்லை. “மனுசருக்கு ஞானஸ்நானப் புத்தகம் இருக்கிற மாதிரி” என்பார் றேமண்ட்.

இவ்வளவும் செய்தவருக்குக் கம்பனி ஒரு மெரிடியன் கொடுக்கவில்லை. எக்ஸிகியூட்டிவ் தரத்துக்கு மேலேதான் மடிக்கணினி. கிளார்க்குகளுக்கு மேசைக் கணினி. அதைப் பற்றி அவர் ஒருபோதும் விண்ணப்பம் எழுதவில்லை. “கேட்டா குடுத்திருப்பாங்களோ என்னமோ. கேக்கிறதுக்கு எனக்குத்தான் மனசில்ல” என்றார் ஒருமுறை. 2016இல் பழையவற்றை ஊழியருக்குக் குலுக்கிக் கொடுத்தார்கள். சீட்டில் அவருக்கு 2012ஆம் ஆண்டு வகை ஒன்று விழுந்தது. பத்தொன்பது வருடச் சேவைக்குப் பிறகு, அதுவும் குலுக்கலில்.

2020இல் என் விரிவுரைகள் எல்லாம் இணையத்துக்குப் போயின. அப்பா துறைமுகத்தில் கொள்கலன் எண்ணுகிறவர். வீட்டில் ஒரேயொரு போன், அதுவும் கண்ணாடி வெடித்தது. நான் வாசற்படியில் இருந்து அந்தப் போனில் விரிவுரை கேட்பதை எவ்லின் ஆன்ட்டி இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தன் மெரிடியனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

“உங்களுக்கு ஆன்ட்டி?”

“எனக்கு ஒபிஸ்ல நிறைய இருக்கு. பிடி. ரெண்டு கையாலயும் திற. மூலையில பிடிச்சுத் தூக்காத.”

நான் மூலையில் பிடித்துத்தான் தூக்கினேன். ஒவ்வொரு நாளும், ஒரு வருடமாக. 2021 ஜூனில் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இடது பிணைச்சல் முறிந்தது. மூடி ஒரு பக்கம் தொங்கியது. திரைக்குப் போகிற வயர் நசிந்து படம் வந்து வந்து போனது. கொரோனாப் பயணத் தடைக் காலம். பம்பலப்பிட்டியில் உறுப்பு விற்கிற கடைகள் பூட்டு. நான் அழவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். அம்மா வேறு மாதிரிச் சொல்வார்.

ஆன்ட்டி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. துறைமுக வேலை என்பதால் அவருடைய கம்பனிக்குப் பயணப் பாஸ் இருந்தது. அடுத்தநாள் மாலை கைப்பையிலிருந்து ஒரு பிணைச்சலை எடுத்தார். இரண்டு விரல் யன்னல் கம்பியில். அரை மணித்தியாலத்தில் பூட்டி முடித்தார். மெரிடியனில் எல்லாமே மாறினாலும் அந்தப் பிணைச்சல் மட்டும் மூன்று தலைமுறையாக ஒன்றுதான் என்றார். அடிமூடிக்குள் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. எனக்குப் பரீட்சை இருந்தது.

அந்தப் பிணைச்சல் கம்பனிக் களஞ்சியத்தில் ஒதுக்கி வைத்திருந்த நாற்பத்து மூன்று மெரிடியன்களில் 31ஆம் இலக்கத்திலிருந்து வந்தது. அதையும் அவர் பதிவேட்டில் எழுதியிருந்தார்: “இல. 31. இடது பிணைச்சல் கழற்றப்பட்டது. கழற்றியவர் எவ்லின். அலுவலகத் தேவைக்கு அல்ல.”

கடைசி மூன்று சொற்களை எழுதாமல் விட்டிருக்கலாம். இருபத்துநான்கு வருடமாக எல்லாவற்றையும் எழுதிப் பழகியவரின் பிழை அது. வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

செப்டெம்பரில் வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து கட்டளை வந்தது. நாற்பத்து மூன்றையும் நொறுக்கி அழிக்க வேண்டும். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே “பாவிக்க முடியாதது, திருத்த முடியாதது” என்று அச்சடித்து வந்திருந்தது. களஞ்சியப் பொறுப்பாளர், அதாவது எவ்லின் ஆன்ட்டி, கையெழுத்து வைக்க வேண்டும். பழையவை பழுது என்று சொல்லித்தான் புதியவற்றுக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். புதிய மெரிடியன்கள் ஏற்கெனவே வந்து நின்றன. மெல்லியவை. நினைவகம் போர்டோடு ஒட்டப்பட்டது. புத்தகம் கிடையாது. அடியில் “திறக்க வேண்டாம்” என்ற ஒரு ஸ்டிக்கர்.

எவ்லின் ஆன்ட்டி ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்தார். முப்பத்தெட்டு ஓடின.

அடுத்து நடந்ததை எனக்கு இரண்டு பேர் சொன்னார்கள்: ஆன்ட்டியும், அந்த நேரம் தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்ற றேமண்டும். இரண்டு கதையும் ஒத்துப் போகின்றன. றேமண்டின் கதையில் மட்டும் தேநீர் ஆறிப் போகிறது.

நிர்வாக மனேஜர் ஸ்ரீஸ்கந்தராசா களஞ்சியத்துக்கே இறங்கி வந்திருந்தார். வெள்ளவத்தைக்காரர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது.

“மிஸ், ஒரு கையெழுத்துத்தானே. வையுங்கோ.”

“முப்பத்தெட்டு வேலை செய்யுது சேர்.”

“டேட்டா இருக்கு மிஸ். வெளியில விடேலாது.”

“டிஸ்க்க கழட்டித் தாறன். நானே துளை போடுறன். வெறும் உடம்பக் குடுங்க. எங்கட ஒழுங்கையில பிள்ளைகள் போன்ல படிக்குதுகள்.”

“பொலிசி மிஸ். முழுசா அழிக்கோணும்.”

“சரி. உங்கட சாமான், அழிங்க. ‘வேலை செய்யும் நிலையில் அழிக்கப்பட்டது’ எண்டு மாத்தி அடிச்சிட்டு வாங்க. நாப்பத்து மூணுக்கும் வைக்கிறன் கையெழுத்து.”

“அப்பிடி எழுதேலாது எண்டு உங்களுக்குத் தெரியும்.”

“அப்ப என்னால வைக்கவும் ஏலாது எண்டு உங்களுக்கும் தெரியும்.”

ஸ்ரீஸ்கந்தராசா பதிவேட்டைத் திறந்தார். பக்கத்தை ஏற்கெனவே அடையாளம் வைத்திருந்தார்.

“இது உங்கட கையெழுத்துத்தானே? ‘அலுவலகத் தேவைக்கு அல்ல.’ இதுக்குப் பேர் என்ன மிஸ்?”

“களவு” என்றார் ஆன்ட்டி. “நான்தான் எழுதி வச்சிருக்கிறனே.”

றேமண்ட் தட்டை மேசையில் வைத்துவிட்டார். “சேர், ஒரு இரும்புத் துண்டு சேர்...”

“நீங்கள் போங்கோ றேமண்ட்.” றேமண்ட் போகவில்லை. ஸ்ரீஸ்கந்தராசா குரலைத் தாழ்த்தினார். “மிஸ், உங்களுக்கு இருபத்தைஞ்சு வருஷம் முடிய நாலு மாசம். லிப்ட் பக்கத்தில இருக்கிற பித்தளைப் பலகையில பேர் வரும். நான் இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடுறன். ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் பட்டியல்ல வையுங்கோ. ரெண்டும் சரி.”

அந்தப் பலகையை மாதத்துக்கொரு முறை துடைக்க ஆள் அனுப்புவதும் ஆன்ட்டியின் வேலைதான். எந்தப் பெயருக்குப் பிறகு தன் பெயர் வரும் என்று அவருக்குத் தெரியும்.

“அத கிழிச்சா 31 முழுசா இருக்கிற மாதிரி ஆகும் சேர். அது ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு நிக்குது. நான் செஞ்ச களவ நீங்க அழிக்காதீங்க. நீங்க சொல்லுற பொய்ய நான் எழுதவும் மாட்டன். என்னப் போகச் சொல்லுங்க.”

“மிஸ், யோசிச்சுக் கதையுங்கோ. இந்த நேரத்தில எங்க போவீங்கள்?”

“அது என்ட தலையிடி.”

அன்றைக்கே போனார். விலகல் கடிதத்தை அவர்களே அடித்துக் கொடுத்தார்கள். அதில் காரணம் எழுதப்படவில்லை. 1998இன் அந்தத் தடித்த புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வைத்தார். பட்டியலில் வேறொருவர் கையெழுத்து வைத்தார். பேலியகொடைப் பக்கம் ஒரு யார்டில் நாற்பத்து மூன்றையும் நொறுக்கினார்கள். சாட்சிக்குப் போன றேமண்ட் வந்து சொன்னார்: “பப்படம் நொறுங்கிற சத்தம் மிஸ். 31 மட்டும் வாயத் திறந்துகொண்டே போச்சு.”

பிணைச்சல் விஷயம் எனக்கு அப்போதும் தெரியாது. ஆன்ட்டி வேலையை விட்டார் என்றுதான் கேள்விப்பட்டேன். “வயசு போகுது, காணும்” என்றார் என்னிடம். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு.

அடுத்த வருடம் பணமும் எரிபொருளும் இல்லாமல் நாடு இருட்டில் கிடந்தது. புதுக் கணினியின் விலையைக் கேட்டுவிட்டு ஆட்கள் சிரித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கு அருகே முர்ஷித் என்பவரின் போன் கடையில் ஆன்ட்டி ஒரு மேசைக்கு இடம் பிடித்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து காலையில் 155 பஸ். கடையில் யன்னல் இல்லை. சட்டர் ஓடுகிற இரும்புச் சட்டத்தில் விரல் வைப்பார். மேசைக்கு மேலே அவரே எழுதி ஒட்டிய அட்டை: “முடியாது என்று மற்றவர்கள் சொன்னதை மட்டும் கொண்டு வாருங்கள்.”

“மிஸ், அந்த ‘மட்டும்’ வேணாம் மிஸ். யாவாரம் கெட்டுப் போகும்” என்றார் முர்ஷித்.

“அதுதான் யாவாரம் முர்ஷித். இருந்து பாருங்க.”

ஒரு மாதத்தில் முர்ஷித் போன் கவர்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டு இன்னொரு மேசை போட்டுக் கொடுத்தார். ஒட்டிய நினைவகம் உள்ள புதிய மெரிடியன்களும் வரத் தொடங்கின. ஆன்ட்டி முதலில் அந்த ஸ்டிக்கரை உரித்து அட்டையின் கீழே ஒட்டுவார். இப்போது அங்கே ஒரு வரிசையே இருக்கிறது, “திறக்க வேண்டாம்” என்று பதினேழு தடவை.

எனக்குப் பட்டம் கிடைத்தது 2023இல். விழாவுக்கு உடுத்துப்போன சேலையோடே வெள்ளவத்தைக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். றேமண்ட் அங்கே இருந்தார். ஓய்வு பெற்றபிறகு அவர் அங்கேதான் பேப்பர் வாசிப்பார். படத்தைப் பார்த்துவிட்டு, “வடிவாத்தான் இருக்கு. ஒரு பிணைச்சலுக்கு வந்த பட்டம்” என்றார். ஆன்ட்டி அவரை முறைத்தார். பிறகு அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் சொன்னது இதுதான்: “நான் மூலையில பிடிச்சுத்தான் தூக்கினனான் ஆன்ட்டி.”

“தெரியும். முறிஞ்ச விதத்திலயே தெரிஞ்சது.”

“திருப்பிக் குடுப்பம்.”

அவர் சிரித்தார். ஆனால் மறுத்துவிடவில்லை. பம்பலப்பிட்டியில் நான் அதே பிணைச்சல் ஒன்றைத் தேடி வாங்கினேன். ஒரு புதன்கிழமை இருவரும் கோட்டைக்குப் போனோம். ஆன்ட்டி கடிதம் எழுதியிருந்தார்: 31ஆம் இலக்கத்துக்குரிய இடது பிணைச்சல் திருப்பித் தரப்படுகிறது, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துத் தரவும். லிப்ட்டைக் கடக்கும்போது அவர் பித்தளைப் பலகையைப் பார்த்தார். “துடைக்கிறாங்க இல்ல” என்றார்.

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அது கடைசி மாதம். கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

“மிஸ், 31 எண்டு ஒண்டு எங்களிட்ட இல்லையே.”

“நொறுக்கிட்டீங்க. தெரியும். அதில ஒரு துண்டு என்னட்ட மிஞ்சிப் போச்சு. அதுக்குப் பதில் இது.”

“இதை வாங்கிக் கையெழுத்து வைச்சா, அழிக்கேக்க அதில ஒரு துண்டு குறைஞ்சது எண்டு ஆகும். சான்றிதழில முழுசா அழிச்சது எண்டுதான் இருக்கு.”

“அப்ப நான் எடுத்த பிணைச்சல்?”

“அது... பேப்பரில இல்லை மிஸ். அந்தப் பதிவேட்டையும் பிறகு...”

“பேப்பரில இல்லாத களவுக்கா சேர் நான் வீட்ட போனனான்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவி செய்வேன் என்று நினைத்திருக்க வேண்டும். சாதாரண உடுப்பில் நின்ற நான் யாரென்று அவருக்குத் தெரியாது. எனக்கும் அந்த நேரம் தெரியவில்லை. இப்போது பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று பட்டியல் என் மேசைக்கு வரும். அச்சடித்து வரும் வரிகளை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைக்கிறேன். நாலு மாதம் மிச்சமிருந்தால் என்ன செய்வேன் என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் நேர்மையான பதில் இல்லை.

“தயவு செய்து கொண்டு போங்கோ மிஸ்” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

“கொண்டு போறன். ஆனா ஒண்டு. எல்லாத்தையும் அழிச்சம் எண்டு நீங்க எழுதினது பொய் எண்டதுக்கு ஒரு சாட்சி வெளியில ஓடித் திரியுது. ஒவ்வொரு நாளும் திறந்து மூடுது. மறந்திடாதீங்க.”

கடைக்குத் திரும்பியதும் என் மெரிடியனை வாங்கி மேசையில் கவிழ்த்தார். இரண்டு விரல் சட்டர் இரும்பில். ஏழு திருகாணிகளையும் கழற்றி அடிமூடியைத் திருப்பிக் காட்டினார். 2021இல் பென்சிலால் எழுதியது மங்காமல் இருந்தது: “இடது பிணைச்சல், கம்பனி இல. 31இலிருந்து. கடன்.”

அதன் கீழே அன்றைய திகதியைப் போட்டு இன்னொரு வரி எழுதினார். முர்ஷித் எட்டிப் பார்த்தார்.

“முடிஞ்சுது எண்டு எழுதுங்களேன் மிஸ். குடுக்கப் போனீங்கதானே.”

“அவங்க வாங்கினாத்தானே முடியும்?”

மூடியைப் பூட்டி, என்னிடம் நீட்டி, இரண்டு கையாலும் திறக்கச் சொன்னார். திறந்தேன். இதை எழுதுவதும் அதில்தான். புதுப் பிணைச்சல் பொதியோடு என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அடிமூடிக்குள் அன்று அவர் எழுதிய வரி இது: “திருப்பிக் கொடுக்கப் போனோம். வாங்கவில்லை. கடன் நிற்கிறது.”